துணி திரும்பி வந்தால்

1

சனிக்கிழமை காலையில் என் மகள் மதுரா தொலைபேசி எடுத்தால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, அவளுக்குக் காய்ச்சல். மற்றது, அவளுக்கு என் கார் வேண்டும். குரல் தெளிவாக இருந்தபடியால் கார்தான் என்று விளங்கிவிட்டது.

"அம்மா, இண்டைக்கு உங்களுக்கு வேலை இல்லைத்தானே? ஒரு நாயை ஏத்திக்கொண்டு போகவேணும்."

நான் இங்கே ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். கிழமை முழுவதும் உருளைக்கிழங்கோடு மாரடிப்பவளுக்குச் சனிக்கிழமை ஒன்றுதான் மிச்சம். அதையும் நாய்க்குக் கொடு என்கிறாள். மதுரா எங்கள் நகரத்து விலங்குக் காப்பகத்தில் இருக்கிறாள். டொக்டருக்குப் படிப்பாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்க, அவள் நாய்க்கூண்டு கழுவப் போனாள். ஊரில் கேட்பவர்களுக்கு 'மிருக வைத்தியப் பக்கம்' என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். இதை வாசிக்கும் சொந்தக்காரர் மன்னிக்க வேண்டும்.

விசயம் இதுதான். கிழக்கே ஒரு நகரத்தில் ஒரு கிழவர் இறந்துபோனார். அவருடைய நாய் ஒட்டோ அங்குள்ள காப்பகத்துக்கு வந்தது. அங்கே இடமில்லை. எங்கள் காப்பகத்தில் இடம் இருந்தது, கிழ நாயானாலும் பரவாயில்லை என்று ஒரு தம்பதி கேட்டபடியும் இருந்தார்கள். இடையில் ஒரு நாள் முழுவதற்கும் போதுமான தூரம். இப்படியான வேளையில் இங்கே காப்பகங்கள் ஒன்றையொன்று கூப்பிட்டு ஒரு சங்கிலி போடுகின்றன. முதலாமவர் நாயைத் தன் காரில் ஏற்றி நெடுஞ்சாலைத் தரிப்பிடம் ஒன்றில் இரண்டாமவரிடம் கொடுப்பார், இரண்டாமவர் மூன்றாமவரிடம். எல்லோரும் காசு வாங்காமல் சும்மா வருகிறவர்கள்தான். அன்றைக்கு நடுவில் வரவேண்டியவரின் கார் பழுதாகிவிட்டது.

"நீங்கள் போகாட்டி அது திரும்பிப் போகவேணும். அங்கை கூடும் இல்லை" என்றாள் மதுரா.

நான் சரி என்றேன். உடனே கட்டளைகள் வந்து விழுந்தன. கார்க்கதவைத் திறக்க முதல் நாயின் உடம்பில் இரண்டு கயிறு இருக்கவேண்டும், ஒன்று கழுத்துப்பட்டியில், மற்றது மார்புப்பட்டியில். ஒன்று கை தவறினாலும் மற்றது பிடிக்கும். இடையில் அவிழ்க்கவே கூடாது.

"எனக்குச் சொல்லித் தராதை. உன்னைப் பெறமுதலே நான் உந்த வேலை செய்தனான்" என்றேன்.

"என்ன வேலை?"

"நாய் கடத்தல்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். பிள்ளையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

2

தொண்ணூறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில், பலாலி இராணுவ முகாம் பக்கமிருந்து ஷெல் விழ விழ, வலிகாமம் வடக்குச் சனம் காங்கேசன்துறை வீதியால் தெற்கே வந்தது. மாட்டுவண்டி, சைக்கிள், தலைச்சுமை. பள்ளிக்கூடங்களும் கோயில் மடங்களும் நிரம்பின. சனத்துக்குப் பின்னால் நாய்களும் வந்தன. இவற்றை யார் கணக்கில் எடுத்தது? ஒரு வகுப்பறையில் பல குடும்பங்கள். நாயை உள்ளே விட முடியாது. வாசலில் நின்று குரைத்தவற்றுக்குச் சிலர் கல் எறிந்தார்கள், சிலர் நஞ்சு வைக்கலாம் என்று கதைத்தார்கள். விசர்நாய் கடித்தால் ஊசி இல்லாத காலம், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

எங்கள் வீடு கொக்குவிலில். நல்ல உயர மதில், பெரிய படலை. என் மூத்த அக்கா பவளம் அந்தப் படலையைத் திறந்துவிட்டாள். பவளக்கா கலியாணம் கட்டவில்லை. ஒரு முன்பள்ளியில் படிப்பித்தாள். பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். அவளுடைய கூட்டாளிகள் இரண்டு பேர். ஒருவர் மருதனார்மடத்தில் அரைக்கும் மில் வைத்திருந்த நவரத்தினம் அண்ணை. மண்ணெண்ணெயில் மில்லை இழுத்தபடி தவிடும் குருணலும் சேர்த்துவைத்து, மில்லடிக்கு வந்த நாய்களுக்குக் காய்ச்சி ஊற்றினார். மற்றவர் தொண்டைமானாற்றுக் கதிர்காமு அண்ணை. கடலுக்குப் போகத் தடை என்றபடியால் ஆற்றில் வலைவீசி, மீனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கொக்குவில் வரைக்கும் வந்து விற்பார்.

வேலை இப்படி நடந்தது. வடக்கிலிருந்து வரும் நாய் முதலில் மில்லடியில் நிற்கும். பயம் தெளிந்ததும் எங்கள் வளவுக்கு வரும். நாங்கள் உண்ணி எடுத்து, புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி, அக்கம்பக்கத்தில் வீடு தேடுவோம். இங்கே யாரும் எடுக்காவிட்டால் கதிர்காமு அண்ணையின் முறை. மீன் விற்றுப் பெட்டி வெறுமையானதும், நாயை அந்தப் பெட்டிக்குள் ஏற்றி மேலே சாக்கைப் போட்டு மூடிக் கொண்டுபோவார். தோணிகளுக்குக் காவலாக நாய் கேட்பவர்கள் அந்தக் கரையில் இருந்தார்கள். மீன் மணத்தில் நாய்களும் சத்தம் போடாமல் போயின. வெறும் பெட்டியோடு திரும்புவதைவிட இது பரவாயில்லை என்பார் அவர்.

எழுதிவைக்கக் கொப்பி கிடையாது. அதனால் நவரத்தினம் அண்ணை ஒவ்வொரு நாயின் கழுத்திலும் ஒரு துணிக்கீலம் கட்டினார், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சேலைக்கரை. நாய்க்கு வீடு கிடைத்து அது அங்கே நிலைத்த பிறகு அந்தத் துணியை அவிழ்த்து மில்லுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் அதை மில்லுக்குள் ஒரு ஆணியில் கொழுவிவிடுவார். துணி திரும்பி வந்தால் நாய்க்கு வீடு கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"உங்கை சனத்துக்கே கஞ்சி இல்லை, உவள் நாய்க்கு வீடு பாக்கிறாள். தனக்கு ஒரு மாப்பிள்ளை பாத்தாளே?" என்று அம்மா புறுபுறுப்பா. புறுபுறுத்துக்கொண்டே நாய்களுக்கும் சேர்த்து உலை வைப்பா.

3

தரிப்பிடத்தில் ஒட்டோவை என்னிடம் தந்தவர் ஒரு தாடிக்காரர். நாயோடு அதன் கடவுச்சீட்டையும் தந்தார். ஆம், கடவுச்சீட்டு. நீல நிற அட்டை, உள்ளே படம். எனக்கு இந்த நாட்டில் ஒரு அட்டை கிடைக்க எத்தனை அரசாங்கக் கந்தோர் வாசல், எத்தனை மொழிபெயர்ப்பாளர்! நாய்க்கு ஒரு முத்திரையோடு அலுவல் முடிந்துவிட்டது. சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஆனால் நாயின் கண்ணைப் பார்த்ததும் அது போய்விட்டது.

பின் ஆசனத்தில் ஏறிய ஒட்டோ படுக்கவேயில்லை. பின்கண்ணாடியைப் பார்த்தபடி நின்றது. வீதி வளைய வளைய அதுவும் திரும்பித் திரும்பிக் கிழக்கையே பார்த்தது. நான் ஜெர்மன் மொழி படித்தது கந்தோர்களில், அங்கே எல்லோரையும் மரியாதைப் பன்மையில்தான் கூப்பிட வேண்டும். அதனால் நாயிடமும் 'தயவுசெய்து அமருங்கள்' என்றேன். மதுரா கேட்டிருந்தால் வயிறு நோகச் சிரித்திருப்பாள். ஒட்டோ அமரவில்லை.

மழை, இரண்டு பக்கமும் லொறிகள். இது இந்த வீதியில் பாய்ந்தால் என்ற பயம் ஒரு பக்கம். மற்றப் பயத்துக்குக் காரணம் வேறு. இப்படி ஒரே திசையைப் பார்த்து நின்ற இன்னொரு நாயை எனக்குத் தெரியும்.

4

அதன் பெயர் வீமன். மண்ணிறம், ஒரு காது கிழிந்தது. வடக்கே வசாவிளானிலிருந்து வந்து மருதனார்மடத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ராசம்மா அக்காவின் நாய் அது. ராசம்மா அக்கா ஷெல்லுக்குள் அயலவரின் வண்டியில் ஏறி வந்தவ. புருசன் தம்பையா அண்ணை, "நீ போ, மாட்டை அவிட்டு விட்டிட்டுப் பின்னாலை வாறன்" என்றாராம். வரவில்லை. கிழமைகள் கழிந்து, தனியாக வீமன் வந்து சேர்ந்தது.

நாய் வந்த அன்றைக்கு ராசம்மா அக்கா அழவில்லை. மில்லுக்குள் வந்து நவரத்தினம் அண்ணையிடம் சொன்னா:

"அந்த மனுசனை விட்டிட்டுத் தான் தப்பி வந்த நாய் இது. எனக்கு இதின்ரை முகத்திலை முழிக்கேலாது. எங்கையாவது தூரத்துக்கு அனுப்பி விடுங்கோ."

சிவப்புக்கரைத் துணி கட்டி வீமன் எங்களிடம் வந்தது. ஒன்றும் தின்னவில்லை. வடக்கு மதிலைப் பார்த்தபடியே நின்றது. படலை திறக்கும் நேரம் பார்த்துப் பாயப் பார்த்தது. அந்தப் பக்கம் போனால் இராணுவத்தின் முட்கம்பி, மிதிவெடி, காவலரண். பவளக்கா யோசித்தாள். "இஞ்சை வைச்சிருந்தா ஓடிப்போய்ச் சாகும். தொண்டைமானாத்துக்கு அனுப்புவம். வல்லை வெளி சுத்திப் போற தூரத்திலை இருந்து எந்த நாயும் வழி பிடியாது."

எங்கள் சனம் தூரத்தை எப்போதும் வீதியால்தான் அளக்கும். கொக்குவிலிலிருந்து கோப்பாய், புத்தூர், வல்லை வெளி, பிறகு வடமராட்சி. கதிர்காமு அண்ணைக்குச் சைக்கிள் மிதித்து நாரி எலும்பு முறியும். அவ்வளவும் சுற்றிப் போய் அவர் சாக்கை விலக்கிய இடத்திலிருந்து ஆற்றைக் கடந்து மேற்கே நேராக நடந்தால், வசாவிளான் ஒரு காலை நடைத் தூரந்தான். எங்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நாய் மேற்குக் காற்றை ஒருதரம் மோந்து பார்த்ததாம். பிறகு ஆற்றில் இறங்கி நீந்திவிட்டது.

கதிர்காமு அண்ணை வந்து சொன்னபோது பவளக்கா முற்றத்திலேயே குந்திவிட்டாள். "நான்தான் அதைக் கொண்டுபோய் அதின்ரை ஊர் வாசலிலை விட்டனான்" என்றாள். ராசம்மா அக்காவுக்கு யார் போய்ச் சொல்வது? ஒருவரும் சொல்லவில்லை. அந்த நாட்களில் வடக்கே வெடிச்சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா என் முகத்தைப் பார்ப்பாள், நான் வேறெங்காவது பார்ப்பேன்.

அடுத்த கிழமை கதிர்காமு அண்ணை மீன் விற்கும் நேரத்துக்கு முன்னமே வந்தார். பெட்டியில் மீன் இல்லை, சாக்கு அசைந்தது. உள்ளே வீமன்.

"தங்கச்சி, விடியக் கரையிலை வந்து நிண்டது. கழுத்தைப் பார். சிவப்புத் துணி அப்பிடியே கிடக்கு. ஆனா அதுக்கு மேலை பனைநாராலை ஆரோ ஒரு கட்டுப் போட்டிருக்கு. நான் வலைக்காரன், எனக்கு முடிச்சுத் தெரியும். இது எங்கடை ஆக்களின்ரை முடிச்சில்லை."

நாங்கள் சைக்கிளை மருதனார்மடத்துக்கு மிதித்தோம். ராசம்மா அக்கா முதலில் நாயைப் பார்த்து முகத்தைத் திருப்பினா. பிறகு முடிச்சைக் கண்டா. தொட்டா, மோந்து பார்த்தா.

"இது புகையிலைச் சிப்பம் கட்டிற முடிச்சு. இவர் கடைசிச் சுத்தை எப்பவும் இடப்பக்கம் செருகுவார், நான் ஏசுவன். இவரின்ரை கையடா இது! என்ரை மனுசன் இருக்கிறார்!"

அப்போதுதான் அழுதா. நாயைக் கட்டிப்பிடித்து, "நீ என்னைத் தேடியல்லோ வந்தனீ, நான் உன்னைத் துரத்தினன்" என்று அழுதா.

5

அழுகை ஓய்ந்ததும் சண்டை தொடங்கியது. ராசம்மா அக்கா நாயின் பின்னால் தானும் போகிறேன் என்றா. நவரத்தினம் அண்ணை மில்வாசலை மறித்து நின்றார். "நாய் கம்பிக்குக் கீழாலை பூரும். நீ பூருவியோ? போன ஆக்கள் ஒருத்தரும் திரும்பேல்லை, பிள்ளை."

பவளக்காவோ நாயையும் விடமாட்டேன் என்றாள். "ஒருக்காப் போய் வந்திட்டுது. ரெண்டாந்தரம் சுட்டுப்போட்டாங்கள் எண்டால்?"

"அப்ப என்ரை மனுசன்?" என்று கேட்டா ராசம்மா அக்கா.

கடைசியில் கதிர்காமு அண்ணைதான் வாய் திறந்தார். "தங்கச்சி, வீடு இல்லாத நாயைத்தானே நாங்கள் பிடிச்சு வைக்கிறம்? இதுக்கு வீடும் இருக்கு, வீட்டுக்காரனும் இருக்கு. இதைக் கட்டி வைக்க நாங்கள் ஆர்?"

பவளக்கா வாய் மூடினாள். அவளை வாய் மூட வைத்த வேறு ஆளை நான் கண்டதில்லை. ராசம்மா அக்கா உடுத்திருந்த சேலைத் தலைப்பைக் கிழித்தா. ஓடி வந்த அன்று உடுத்திருந்த அதே நாவல் நிறச் சேலை. அவர் கண்டு விளங்கிக்கொள்ளட்டும் என்று அந்தக் கீலத்தை வீமனின் கழுத்தில் கட்டிவிட்டா.

நாங்கள் எல்லோரும் தொண்டைமானாற்றுக்குப் போனோம். பெட்டிக்குள் வீமன், என் சைக்கிள் கரியரில் ராசம்மா அக்கா, பக்கத்தில் பவளக்கா. கரையில் சாக்கை விலக்கியதும் நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலை மட்டும் தண்ணீரில் தெரிந்தது, பிறகு அக்கரைப் பற்றைக்குள் மறைந்தது.

நாங்கள் சந்நிதி கோயில் மடத்தில் தங்கினோம். அங்கே சோற்றுக்குக் குறைவில்லை, ஆனால் இறங்கவில்லை. ஹெலி சுற்றும்போது ராசம்மா அக்கா, "வேலவா, அங்காலை போ, அங்காலை போ" என்று ஹெலியிடமா முருகனிடமா என்று தெரியாமல் மன்றாடுவா. மேற்கே ஒரு பகல் பெரிய சத்தம் ஒன்று கேட்டது. அது என்னவென்று நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. பவளக்கா ஆற்றங்கரையை விட்டு எழும்பவேயில்லை. அவள் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை, அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பிறகு ஒரு காலை, வெயில் ஏறும் நேரம், அக்கரைப் பற்றை அசைந்தது. முதலில் நாய். அதன் பின்னால் எலும்பும் தோலுமாக, தாடியோடு ஒரு மனிதர்.

ராசம்மா அக்கா கத்த வாயெடுத்தா, பவளக்கா கையால் பொத்திவிட்டாள். கதிர்காமு அண்ணை தோணியை ஓசைப்படாமல் தள்ளிக்கொண்டு போனார். அக்கரையில் தம்பையா அண்ணை குனிந்து நாயின் கழுத்தில் ஏதோ செய்வது தெரிந்தது. பிறகு அவர் ஏறினார். நாய் ஏறவில்லை. கதிர்காமு அண்ணை கையால் அழைத்தார், தோணியைத் தட்டிக் காட்டினார். அது கரையில் குந்தியிருந்து, தோணி நடு ஆற்றுக்கு வருமட்டும் பார்த்தது. பிறகு எழும்பி, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"வீமா!" என்று இப்போது ராசம்மா அக்கா கத்தியே விட்டா. அது நிற்கவில்லை.

கரையேறிய தம்பையா அண்ணையால் நிற்க முடியவில்லை. ராசம்மா அக்கா அவரைத் தாங்கிக்கொண்டு, "அதையும் ஏத்திக்கொண்டு வந்திருக்கலாமே" என்று அந்த நேரத்திலும் ஏசினா.

"வராது. இஞ்சை மட்டும் வழி காட்ட வந்தது, அவ்வளவுதான். வீட்டு வாசலிலைதான் படுக்கும். அது வீடு பாக்கிற நாய்." அவர் கையை விரித்தார். உள்ளே சிவப்புக்கரைத் துணியும் நாவல் நிறக் கீலமும். "முள்ளுக்கம்பியிலை கொழுவுப்பட்டா அந்தரப்படும் எண்டு அவிட்டனான். ஆரின்ரையோ தெரியாது, இந்தாங்கோ" என்று சிவப்பைப் பவளக்காவிடம் நீட்டினார்.

6

ஒட்டோவை மதுராவே காப்பகத்து வானில் அடுத்த தரிப்பிடத்துக்கு வந்து பெற்றுக்கொண்டாள். நான் இரண்டு கயிற்றையும் அவள் கையில் சுற்றிவிட்டு, "புது வீடு இதின்ரை பழைய வீட்டுக்கு எந்தப் பக்கம்? நேராப் பாத்தா எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன். பைத்தியமா என்பது போலப் பார்த்தாள். அப்போதுதான், அந்த மழைக்குள் கார்க்கதவில் சாய்ந்து நின்று, வீமனின் கதையைச் சொன்னேன். நான் ஊர்க்கதை எடுத்தால் கைத்தொலைபேசியைப் பார்க்கிற பிள்ளை, அன்று பார்க்கவில்லை.

"பிறகு அந்த நாய்?"

"தெரியாது. அங்காலை ஒருத்தரும் போகேலாதே."

"அந்த ஆக்கள்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கொக்குவிலுக்குத் திரும்பும் வழியில் நாங்கள் மருதனார்மடத்துக்குப் போனோம். ராசம்மா அக்காவும் தம்பையா அண்ணையும் கூடவே வந்தார்கள், அவர்களுக்குப் போக அந்தப் பள்ளிக்கூட வகுப்பறையைத் தவிர வேறிடம் இல்லை. பவளக்கா சிவப்புத் துணியை நீட்ட, நவரத்தினம் அண்ணை முகம் மலர்ந்து, "வீமனுக்கு வீடு கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றாள் பவளக்கா. "அது தன்ரை வீட்டுக்குப் போயிட்டுது."

அவர் அதை ஆணியில் கொழுவினார். அந்த வருடம் வடக்கிலிருந்து வெளிக்கிட்ட அத்தனை உயிர்களிலும் தன் வீட்டுக்குத் திரும்பிப் போனதாக எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். ஐந்து வருடத்தில் இராணுவம் எங்கள் பக்கமும் வர, நாங்களும் படலையைத் திறந்து, நின்ற நாய்களையெல்லாம் அவிழ்த்துவிட்டு, சாவகச்சேரிப் பக்கம் நடந்தோம். பவளக்கா இப்போது இல்லை. நான் இங்கே.

தம்பையா அண்ணை ஆணியில் தொங்கிய துணிகளையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். அவை என்னவென்று நவரத்தினம் அண்ணை விளங்கப்படுத்தினார். கேட்டு முடிந்ததும் தம்பையா அண்ணை சால்வையைக் கழுத்திலிருந்து எடுத்து, தலையைக் கொஞ்சம் குனிந்து காட்டினார்.

"அப்ப எங்களுக்கும் ஒவ்வொண்டு கட்டி விடுங்கோவன்" என்றார்.

பகிடிக்குத்தான் சொன்னார். ராசம்மா அக்கா மட்டும் சிரிக்கப் பார்த்தா. நவரத்தினம் அண்ணை போய் மில்லை இயக்கினார்.